பிரசிடெண்டம்மா

எங்கள் ஊரில் பிரசிடெண்ட் என்று சொன்னால் யாரும் டெல்லியையோ வாஷிங்டனையோ நினைப்பதில்லை. ஊராட்சி மன்றத் தலைவரைத்தான் அப்படிச் சொல்வோம். அவிநாசியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வருகிற ஊர். பாதிப் பேர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் தறியும் தோட்டமும் மாடும் வைத்திருப்பவர்கள். 1996 முதல் 2006 வரை என் சித்தப்பா அந்த ஊருக்குப் பிரசிடெண்ட். 2006 முதல் 2016 வரை என் சின்னம்மா. 2020 முதல் 2025 வரை மறுபடி சித்தப்பா.

சின்னம்மாவை ஊர் 'பிரசிடெண்டம்மா' என்று கூப்பிடும். பிரசிடெண்டின் மனைவிக்கும் அதே பெயர்தான், தானே பிரசிடெண்டாக இருக்கும் பெண்ணுக்கும் அதே பெயர்தான். ஆகவே அவர் 1996இலும் பிரசிடெண்டம்மா, 2006இலும் பிரசிடெண்டம்மா, 2020இலும் பிரசிடெண்டம்மா. சித்தப்பாவோ இடையிலிருந்த அந்தப் பத்து வருடத்திலும் பிரசிடெண்ட்தான்; டீக்கடையில் யாரும் அவரை வேறு விதமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சின்னம்மா பதவியில் இருந்தது எப்போது என்று தெரிய வேண்டுமானால் ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் பலகையைத்தான் பார்க்க வேண்டும். பெயர், 'முதல்', 'வரை' என்று மூன்று கட்டம். அதில் மட்டும் அவர் தனியாக இருக்கிறார்.

ஒரு பதவியில் ஒருவர் இத்தனை முறைக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலகம் முழுக்கச் சட்டம் எழுதுகிறார்கள். அந்த 'ஒருவர்' யார் என்று நான் சின்னம்மாவின் கதைக்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

இந்தியாவில் பதவிக்கால வரம்பு என்று எதுவும் எழுதப்படவில்லை. குடியரசுத் தலைவர் எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். இரண்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் ராஜேந்திர பிரசாத் ஒருவர்தான். பிரதமருக்கும் முதல்வருக்கும் வரம்பில்லை, ஊராட்சித் தலைவருக்கும் இல்லை. ஆனால் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தபோது, யாரும் அப்படிப் பெயர் சொல்லாமலேயே, ஒரு வரம்பு கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களுக்கு. அந்த ஒதுக்கீடு ஊர் ஊராகச் சுழலும். தமிழ்நாட்டில் அடுத்தடுத்த இரண்டு தேர்தலுக்கு ஒரே ஒதுக்கீடு, பிறகு மாறும். 2016இல் பங்கு பாதியாக உயர்ந்தது. ஆக, பத்து வருடத்துக்கு ஒரு முறை சட்டம் கதவைத் தட்டி, இருப்பவரை எழுந்திரு என்கிறது. கணக்கும் பொருந்துகிறது: அமெரிக்க அதிபருக்கும் இரண்டு முறை, எங்கள் ஊர் ஒதுக்கீட்டுக்கும் இரண்டு முறை.

இரு முறை வரம்பின் நியாயத்தை விளக்கப் பெரிய புத்தகம் தேவையில்லை. ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்று பதவியிலேயே இறந்த பிறகு, 1951இல் அமெரிக்கா அதைச் சட்டமாக்கியது. பக்கத்தில் இலங்கையில் மகிந்த ராஜபக்ச 2010இல் 18ஆவது திருத்தம் கொண்டுவந்து வரம்பை நீக்கினார்; 2015இல் மூன்றாம் முறை நின்று தோற்றார்; அதே வருடம் 19ஆவது திருத்தம் வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. பதவியில் இருப்பவர் கையில் பணமும் ஆளும் சேரும், அதை வைத்தே அவர் மறுபடி வருவார், மற்றவர்களுக்கு முறை வராது. பதவி என்பது ஊர் நம்பிக் கொடுத்தது. தோட்டம் மாதிரி பட்டா போட்டுக்கொள்ள முடியாது. இதை நான் கோவையில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படித்தபோது பரீட்சைக்கு எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

முறை வைத்து ஆளுவது என்ற யோசனை அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே உண்டு. சமமான குடிமக்கள் மாறி மாறி ஆள வேண்டும், ஆளப்படவும் வேண்டும் என்கிறார் அவர். அதே இடத்தில், கணவன் மனைவியை ஆள்வதும் அந்த வகை ஆட்சிதான், ஆனால் அங்கே முறை மாறுவதில்லை, நிரந்தரம் என்றும் சொல்லிவிட்டுப் போகிறார். வகுப்பில் முதல் பாதியை அடிக்கோடிட்டோம். இரண்டாவது பாதியை 'அந்தக் காலத்து எண்ணம்' என்று தாண்டினோம். 2006இல் எங்கள் வீட்டில் நடந்தது அந்த இரண்டு பாதியும் ஒன்றாக.

ஊர் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று தெரிந்த அன்று சித்தப்பா கவலைப்படவில்லை. "நம்ம வீட்ல இருக்கறாளே" என்றார். வேட்புமனுவில் கையெழுத்துப் போடும்போதுதான் சின்னம்மா கேட்டார், "எங்கீங்க போடோணும்?" எங்கள் வீடு கவுண்டர் வீடு, ஊரில் நிலமும் சொல்வாக்கும் உள்ள வீடு. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நேர்மையாகாது. எதிர்த்து நின்ற பெண்ணும் இன்னொரு தோட்டத்து வீட்டு மனைவிதான். அவருக்கும் அதே கேள்விதான் இருந்திருக்கும்.

இந்த ஏற்பாட்டை நம் ஊர் ஆண்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆளுநர் அடுத்தடுத்து இரண்டு முறை இருக்கக் கூடாது என்று விதி இருந்தது. கறுப்பின மக்களுக்கு எதிரான அரசியலால் பெயர் வாங்கிய ஜார்ஜ் வாலஸ், அந்த விதியை மாற்றப் பார்த்து முடியாமல், 1966இல் மனைவி லர்லீன் வாலஸை நிறுத்தினார். அவர் வென்றார். 1961இலேயே, பிரசவ அறுவைச் சிகிச்சையின்போது, லர்லீனின் உடலில் புற்றுநோய்க்கான அறிகுறி இருப்பதை மருத்துவர் கண்டிருந்தார். சொன்னது கணவரிடம் மட்டும். கணவர் அவரிடம் சொல்லவில்லை. சில வருடம் கழித்து வேறொரு மருத்துவர் மூலம்தான் அவருக்குத் தெரிந்தது. ஆளுநராக இருக்கும்போதே 1968 மே மாதம் இறந்தார். அந்த வருடமே அலபாமா விதியைத் திருத்தி, அடுத்தடுத்து இரண்டு முறை இருக்கலாம் என்றாக்கியது. 1970 தேர்தலில் ஜார்ஜ் வென்று திரும்ப வந்தார். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய சேதியே அவளுடைய கணவனுக்குச் சொந்தமாக இருந்த வீட்டில், பதவி யாருக்குச் சொந்தமாக இருந்திருக்கும்?

ஆனால் இப்படிப் போகிற பதவியெல்லாம் வெறும் பொம்மைப் பதவி என்று முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சியை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். இரா. சண்முகம் 1996இலிருந்து இரண்டு முறை தலைவர். அதன்பின் அவருடைய மனைவி லிங்கம்மாள். சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 2006இல் சொந்தமாக வாங்கி, மின்சாரம் விற்ற ஊராட்சி அது. அதில் யார் பங்கு எவ்வளவு என்று வெளியில் இருந்து பிரித்துச் சொல்ல நமக்கு உரிமையில்லை. மனைவி என்பதாலேயே அவர் செய்தது அத்தனையும் கணவர் செய்தது என்று வைத்துக்கொள்கிறோமே, அது நம் கண்ணில் இருக்கிற பழக்கம்.

சின்னம்மா விஷயத்தில் நான் உள்ளிருந்து பார்த்தவள். முதல் ஐந்து வருடம் அவர் பொம்மைதான். அவரே அதைச் சொல்வார். கூட்டத்தில் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார், இவர் தலையாட்டுவார். மாற்றம் வந்தது தண்ணீரில். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக்குழாய்க்குக் காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். பனியன் கம்பெனி வேன் ஏழரைக்கே வந்துவிடும். வேலைக்குப் போகிற வீட்டில் தண்ணீர் பிடிக்க ஆள் இருக்காது. பள்ளிக்கூடம் போக வேண்டிய பெண் பிள்ளை குடத்தோடு நிற்பாள். இது சித்தப்பாவுக்குப் பத்து வருடமாகத் தெரியாத விஷயம் அல்ல. அவருக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை. சின்னம்மா டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, "அஞ்சரைக்கு விட்றா சாமி" என்றார். அவன் சித்தப்பாவைப் போய்க் கேட்டான். சித்தப்பா சிரித்துக்கொண்டே, "அவ சொன்னா விடு" என்றாராம். சின்னம்மாவுக்கு அந்தச் சிரிப்பு இன்றைக்கும் பிடிக்காது.

இரண்டாம் முறை ஜெயித்த பிறகு அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தன் கை இல்லாமல் ஒரு ரூபாய் நகராது என்பது அவருக்கு ஆறாவது வருடத்தில்தான் உறைத்தது. ஒரு தெருவுக்குக் குழாய் பதித்த பில் வந்தது. காண்ட்ராக்டர் சித்தப்பாவின் சிநேகிதர். "அளந்து பாத்துட்டுப் போடறனுங்க" என்றார் சின்னம்மா. வீட்டில் ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. அவர் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், டேப் பிடித்துத் தெருவை அளந்தார். பில்லில் இருந்ததைவிட நீளம் குறைவாக இருந்தது. பில் திரும்பிப் போய்ச் சரியாகி வந்தது. ஊரில் இதைப் பெரிதாகப் பேசவில்லை. குழாயடியில் பேசினார்கள்.

அப்படி அவர் வேலையைக் கற்றுக்கொண்ட நேரத்தில் பத்து வருடம் முடிந்தது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோனது. மூன்று வருடத்துக்கு மேல் ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கையில் இருந்தன. சின்னம்மா வீட்டில் இருந்தார். ஆனாலும் காலையில் குடத்தோடு யாராவது வாசலுக்கு வந்து, தண்ணி வரலீங்க பிரசிடெண்டம்மா என்பார்கள். இவர் போன் போடுவார்.

2019 கடைசியில் தேர்தல் அறிவித்தார்கள். எங்கள் ஊர் பொது ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் எல்லோரும் இருந்தோம். "ஒதுக்கீடு போயிருச்சு, இனி நானே நின்னுக்கறேன்" என்றார் சித்தப்பா. சின்னம்மா, "பொதுன்னா பொம்பளைங்க நிக்கப்படாதுன்னு இல்லீங்களே?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். என் அப்பா, நல்ல மனிதர், "ரெண்டு தடவ இருந்தாச்சில்லம்மா, இன்னும் எத்தன நாளைக்குத்தான் நீயே கஷ்டப்படுவே" என்றார். சின்னம்மா என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவ கண்ணு, நீ சொல்லு."

நான் சொன்னேன். ஒரே ஆள் இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாதுங்க சின்னம்மா, அதுதான் ஜனநாயகத்துக்கு நல்லது என்று. ரூஸ்வெல்ட் பெயரைக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் "அப்பச் செரி" என்று சொல்லிவிட்டு மாடு கறக்கப் போனார்.

சித்தப்பாவும் இரண்டு முறை இருந்தவர்தான். அந்த அறையில் இருந்த யாரும் அதை எண்ணவில்லை. எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த நானும் எண்ணவில்லை. சின்னம்மாவுடைய இரண்டு முறை முடிந்துபோனது. சித்தப்பாவுடைய இரண்டு முறை நடுவில் நின்றிருந்தது. 2020 ஜனவரியில் அவர் மூன்றாம் முறையாகப் பதவியேற்றார்.

இதைப் பற்றிப் பல வருடம் யோசித்திருக்கிறேன். பதவிக்கால வரம்பின் நியாயம், பதவியில் இருப்பவர் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடியவர் என்ற அனுமானத்தில் நிற்கிறது. சின்னம்மாவிடம் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. பதவி அவரிடம் இரவல் வந்தது. அதை அவர் தன்னுடையதாக ஆக்கிக்கொண்ட நாளில் திருப்பிக் கேட்டார்கள். எங்கள் ஊரில் பதவியைப் பிடித்து வைத்திருந்தது ஒரு ஆளல்ல, ஒரு வீடு. பலகையில் எழுதியிருப்பது ஆட்களின் பெயர். ஆட்களை மட்டும் எண்ணுகிற வரம்பு வீட்டை எண்ணாமல் விட்டுவிடுகிறது. அந்த வீட்டுக்குள் ஆணுக்கு அது இடைவேளையாகவும் பெண்ணுக்கு அது முடிவாகவும் ஆகிவிடுகிறது.

அப்படியானால் வீட்டையே எண்ணலாமே என்று தோழி ஒருத்தி கேட்டாள். கணவர் இருந்த பதவிக்கு அடுத்த தேர்தலில் மனைவி நிற்கக் கூடாது என்று சட்டம் போட்டால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சின்னம்மா 2006இல் நின்றிருக்க மாட்டார். எங்கள் வீட்டுப் பிடி அன்றே தளர்ந்திருக்கும். நிலமில்லாத வீட்டுப் பெண் ஒருத்திக்கு வழி திறந்திருக்கலாம். இந்தக் கடைசி வாதம்தான் எனக்கு மிகக் கனமானது. என் சின்னம்மாவின் விழிப்பு, இன்னொரு தெருவில் இருந்த ஒரு பெண்ணின் வாய்ப்பைத் தின்றுதான் வளர்ந்தது என்றால் அதை மறுக்க என்னிடம் பதில் இல்லை. அந்தத் தெருப் பெண்ணுக்குச் சட்டமே பதவி கொடுத்தாலும் நாற்காலி கிடைப்பதில்லை என்பதையும் பார்த்தோம். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளியானது. அதே மாதம் கோவை மாவட்டம் ஜெ.கிருஷ்ணாபுரத்தின் தலித் பெண் தலைவரும் தன்னை நாற்காலியில் உட்கார விடவில்லை என்று புகார் கொடுத்தார். இது நம் கொங்கு மண்ணில் நடந்தது.

அப்படியும் அந்தச் சட்டம் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். மனைவி என்பவள் கணவனின் தொடர்ச்சி என்று இதுவரை வீடு சொல்லிவந்ததை அது அரசாங்கக் கெஜட்டில் அச்சடித்துக் கொடுத்துவிடும். அவனுடைய வருடங்கள் அவள் கணக்கில் ஏறும். அவனுடைய நிலம் அவள் பெயரில் ஏறாத ஊரில், அவனுடைய பதவிக்காலம் மட்டும் ஏன் ஏற வேண்டும்? இன்று மனைவியைத் தடுக்கிற சட்டம் நாளைக்கு விலகிப்போன மனைவியையும், எதிர்த்து நிற்கத் துணிந்த மனைவியையும் தடுக்கும். கணவனுக்கு எதிராகவே நின்று ஜெயிக்கும் உரிமை அவளுக்கு இருக்க வேண்டும். அந்த உரிமையை எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்பது வேறு விஷயம்.

மனைவியின் பதவியை நடத்துகிற கணவர்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், ஒன்றிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2023இல் ஒரு குழு போட்டது. குழு 2025இல் அறிக்கை கொடுத்தது. அப்படிப்பட்ட ஆண்களுக்குக் கடும் தண்டனை வேண்டும் என்பதும் அதில் உண்டு. தண்டனை கேட்க நன்றாக இருக்கிறது. யார் புகார் கொடுப்பது? கொடுத்துவிட்டு ராத்திரி எந்த வீட்டுக்குப் போவது? எனக்கு அதைவிட எளிய காரியங்களில் நம்பிக்கை. தலைவரின் அலைபேசி எண் என்று பி.டி.ஓ. அலுவலகத்தில் இருப்பது அவருடைய எண்ணாக இருக்கட்டும்; எங்கள் சின்னம்மாவுக்குப் பத்து வருடமும் அங்கே இருந்தது சித்தப்பாவின் எண். பயிற்சி வகுப்பு முதல் வருடத்தில் மட்டும் இல்லாமல் வருடா வருடம் நடக்கட்டும்.

சுழற்சியால் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றும் சொல்ல முடியாது. மும்பை மாநகராட்சியில் 1997இல் பெண்களுக்கு ஒதுக்கியிருந்த வார்டுகள் 2002இல் பொதுவானபோது என்ன ஆனது என்று ரிக்கில் பாவ்நானி என்ற ஆய்வாளர் பார்த்தார். முன்பு ஒதுக்கீடு இல்லாத வார்டுகளைவிட அந்த வார்டுகளில் பெண் ஒருவர் வெல்லும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு இருந்தது. மேற்கு வங்கத்தில் நடந்த ஆய்வு ஒன்றும், இரண்டு முறை ஒதுக்கீட்டில் இருந்த ஊர்களில் பிறகு பொது இடத்திலும் பெண்கள் அதிகம் நின்றார்கள், வென்றார்கள் என்றது. வழி இருக்கிறது. வாசலில் நின்று "ரெண்டு தடவ ஆச்சில்ல" என்று சொல்ல ஆள் இல்லாமல் இருந்தால் போதும். அந்த ஆள் பெரும்பாலும் சொந்தக்காரர். சில சமயம் படித்த பெண்.

மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு தரும் 106ஆவது திருத்தத்திலும் சுழற்சி உண்டு, தொகுதி மறுவரையறை நடக்கும்போதெல்லாம். இன்று ஊராட்சியில் நடப்பதுதான் நாளை அங்கேயும் நடக்கும்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் மாவட்டத்து ஊராட்சிகளின் காலம் முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். போன முறை ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா முழங்கால் வலியோடு கட்டிலில் இருந்தார். பையனுக்குப் பேச்சு நடக்கிறது என்று அம்மா சொன்னாள். சின்னம்மா கொல்லையில் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்று, 2019இல் நான் சொன்னது தப்புங்க சின்னம்மா என்றேன். அவருக்கு முதலில் எதைச் சொல்கிறேன் என்று பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு, "அதையா இத்தன வருசமா வெச்சிருக்கறே" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் தட்டு வெட்டினார்.

பிறகு, பொதுவில் நின்றால் டெபாசிட் எவ்வளவு கட்ட வேண்டும், பெண்ணுக்குக் குறைச்சல் உண்டா என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். "உன்ற நம்பர்ல இருந்தே கேளு. என்ற போனை அவரு எடுத்துப் பாப்பாரு" என்றார்.